ஜீப்பு வண்டியை உயர்த்துதல்

சென்னையினின்று கொல்கத்தாவிற்குச் செல்லும் பெருவழியில், ஆந்திர எல்லைக்கு இப்பால் அமைந்துள்ளது எளாவூர். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குரிய லாரிகள் இரவும் பகலும் ஓடுவது அவ்வழியே. அதனை விட்டுக் கிழக்கே சென்றால், பழவேற்காட்டு ஏரியை அடுத்த சேறும் மணலும் உவர்நிலமும் எதிர்ப்படும். அவ்வூரினராகிய என் சிறிய தந்தையார் தம் ஜீப்பு வண்டியை நான்கங்குலம் உயர்த்த விரும்பி, அதற்கென விற்கப்படும் 'லிப்ட் கிட்' என்னும் உறுப்புத் தொகுதிகளுள் எது நன்று என என்னை வினவினார். தமிழ் பயிலும் எனக்கு இயந்திர அறிவு சிறிதே. எனினும், கற்றோரையும் பட்டறைத் தொழிலாளரையும் கேட்டு அறிந்தவற்றை, அவ்வாசையுடைய நம் மாணவ நண்பர்க்கும் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகிறேன்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது சஸ்பென்ஷன் எனப்படும் வில்லமைப்பு. இரும்புப் பட்டைகளை அடுக்கியது ஒருவகை. கம்பியைச் சுருட்டியது மற்றொருவகை. முன்னதைப் பட்டறையில் கமான் பட்டை என்பர். கமான் என்னும் பாரசீகச் சொல்லின் பொருளும் வில்லே. மாருதி ஜிப்சிக்கு நான்கு சக்கரங்களிலும் கமான் பட்டைகள் உண்டு. மகிந்திராவின் தார் வண்டியில், 2010-இல் வெளிவந்த வகைக்குப் பின்புறம் கமான் பட்டை. 2020-இல் வந்த வகைக்கோ முன்னும் பின்னும் சுருள்வில். ஆதலின் தம் வண்டியின் வில் இன்னதென அறிதலே முதற்படி.

உயர்த்துவதால் வரும் நன்மை யாது? செங்குத்தான கரையில் ஏறுங்கால் வண்டியின் மூக்கு மோதாது. மேட்டைக் கடக்குங்கால் வயிறு தட்டாது. பெரிய டயர்களுக்கு இடம் கிடைக்கும். ஆயின் பலர் மறப்பது ஒன்றுண்டு. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டியில், தரைக்கு மிக அருகில் இருப்பது அவ்வச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் கூடு. வில்லை உயர்த்தினால் அதற்கு மேலுள்ளன உயருமேயன்றிக் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. டயரின் விட்டம் இரண்டங்குலம் கூடினால் கூடு ஓரங்குலம் உயரும்.

உயர்த்தும் முறைகளும் பல. வில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே கட்டை வைத்தல் எளிது, செலவும் குறைவு, ஆயின் வில்லின் இயல்பு மாறாது. கமான் பட்டையைத் தொங்கவிடும் ஷாக்கிளை நீட்டுதலும் உண்டு. இரண்டங்குலம் நீட்டினால் ஏறக்குறைய ஓரங்குலமே உயர்வு கிட்டும். அச்சின் சாய்வும் மாறிவிடும். புதிய வில்லும் அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முழுத் தொகுதியே விலை மிகுந்ததாயினும் சிறந்தது.

உயரம் மிகுந்தால் பிற உறுப்புகள் வருந்தும். எஞ்சினின் ஆற்றலை அச்சிற்குக் கொண்டுசெல்லும் தண்டு சாய்ந்து, அதன் இணைப்புகள் விரைவில் தேயும். பிரேக்கு எண்ணெய்க் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங்குத் தண்டுகளின் கோணம் மாறிப் பள்ளத்தில் வண்டி தானே திரும்பும். இவற்றையும் உடன் திருத்தாத தொகுதி குறையுடைத்து.

யாவற்றினும் பெரியது கவிழும் அபாயம். சக்கர இடையகலத்தின் பாதியை, பாரமையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண் வண்டியின் நிலைப்பைக் காட்டும். அகலம் 1,500 மில்லிமீட்டர், உயரம் 750 எனக் கொள்வோம், விடை 1. பாரமையம் 75 மில்லிமீட்டர் உயர்ந்தால் விடை 0.91. எண் குறையக் குறைய, திடீரெனத் திருப்பும்போது வண்டி எளிதிற் புரளும்.

சட்டமும் நோக்கத்தக்கது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுமாறு வண்டியை மாற்றலாகாதென்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, ஒப்புதலற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆதலின் பொருளை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் கடன்.

இவற்றையெல்லாம் சிறிய தந்தையாரிடம் கூறினேன். அவர் வண்டி ஏரிப்பக்கம் செல்வது ஆண்டில் சில நாளே. எஞ்சிய நாளெல்லாம் சிற்றன்னையாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு லாரிகளின் நடுவே பெருவழியிலேயே ஓடுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தார், வாங்கியபடியே 226 மில்லிமீட்டர் தரையிடைவெளி உடையது. 650 மில்லிமீட்டர் நீரையும் கடக்க வல்லது. இதற்கு மேல் வேண்டுவதென்ன என அவரே வினவிக்கொண்டார். முடிவில் நான்கங்குலத்தைக் கைவிட்டு, அதே அளவில் ஆழ்ந்த வெட்டுள்ள நல்ல டயர்களை வாங்கினார். மணலில் காற்றைச் சற்றுக் குறைத்தும், பெருவழியை அடையுமுன் மீண்டும் நிரப்பியும் செல்கிறார்.

கோபுரம் கட்டப் புகுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்னும் உவமையை நாம் ஆலயத்தில் பலகாற் கேட்டிருக்கிறோம். வண்டியை உயர்த்துவோர்க்கும் அஃது ஒக்கும். உயரும் அங்குலத்திற்கு வேண்டும் பணத்தை மட்டுமன்றி, உள்ளே அமர்வோரின் உயிரையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.