பெண் பாலின ஹார்மோன்களும் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பும்

பெண் பாலின ஹார்மோன்கள் என்பவை முதன்மையாகச் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஆகும். இவற்றுள் ஈஸ்ட்ரோஜன், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வெளிவருவதைக் கூட்டுகிறது. ஆனால் மாத்திரையாக உட்கொள்ளப்படும்போது, கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோனின் செயலைக் குறைத்துவிடுகிறது. சிறுமியரின் உயர வளர்ச்சியையும், பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையையும் புரிந்துகொள்ள இவ்விரு விளைவுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

சுரப்பு நிகழும் முறை

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்களால் ஆன புரதம் ஆகும். பிட்யூட்டரியின் முன்கதுப்பு இதைச் சுரக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்கள் இச்சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று தூண்டும், சொமட்டோஸ்டேடின் எனப்படும் மற்றொன்று தடுக்கும். இரைப்பையில் உருவாகும் கிரெலின் என்னும் ஹார்மோனும் சுரப்பைத் தூண்டுகிறது. இது 1999-இல் கண்டறியப்பட்டது.

வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. விட்டுவிட்டுத் துடிப்புகளாக வெளிவருகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் பெரிய துடிப்பு ஏற்படும். இரத்தத்தில் கலந்த இந்த ஹார்மோன் கல்லீரலை அடைந்து, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 என்னும் பொருளை உண்டாக்கச் செய்கிறது. எலும்பு வளர்ச்சிக்கு உதவும் இக்காரணி இரத்தத்தில் மிகும்போது, பிட்யூட்டரியின் சுரப்பைக் குறைக்கிறது.

பெண்களில் காணப்படும் வேறுபாடு

மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களில் வளர்ச்சி ஹார்மோனின் 24 மணி நேரச் சராசரி அளவு, அதே வயது ஆண்களைவிடப் பொதுவாக அதிகம். ஆண்களில் சுரப்பின் பெரும்பகுதி இரவில் நிகழ்கிறது. பெண்களில் பகல் நேரத் துடிப்புகளும் கணிசமாக உள்ளன. மாதவிடாய்ச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை நெருங்கும் கருமுட்டை வெளியேற்றத்திற்கு முந்தைய நாட்களில் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பும் கூடுகிறது. மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பிறகு குறைகிறது. இயற்கையான புரோஜெஸ்டிரோனின் பங்கு ஈஸ்ட்ரோஜன் அளவுக்குத் தெளிவானதன்று.

கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடி தனக்கே உரிய வளர்ச்சி ஹார்மோன் வகையைச் சுரக்கிறது. இது துடிப்புகளாக இன்றித் தொடர்ச்சியாக வெளிவரும். கர்ப்பத்தின் பிற்பாதியில் தாயின் பிட்யூட்டரி சுரப்பு அடங்கி, இதுவே மேலோங்குகிறது.

பூப்பும் உயரமும்

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் சிறுமியர் பலர் உடன் பயிலும் சிறுவரைவிட உயரமாக இருப்பதைக் காணலாம். சூலகம் விழித்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும் வளர்ச்சி ஹார்மோன் துடிப்புகள் பெரிதாகி, உயரம் விரைவாகக் கூடுகிறது. இவ்வேகத்தின் உச்சம் முதல் மாதவிடாய்க்கு முன்பே வந்துவிடும். அதன்பின் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வரையே உயரம் கூடும். ஈஸ்ட்ரோஜனே எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளையும் மூடச் செய்வதே இதற்குக் காரணம்.

ஆண்களிலும் தட்டுகளை மூடுவது டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் ஈஸ்ட்ரோஜனே. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி செயல்படாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994-இல் மருத்துவ இதழில் செய்தி வெளியானது. அவருடைய உயரம் 204 செ.மீ.; அந்த வயதிலும் வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்கவில்லை.

எனவே, உயரம் குறைந்த சிறுமி ‘வயதுக்கு வந்தபின் வளர்ந்துவிடுவாள்’ என்று காத்திருந்தால், சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடக்கூடும். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் டர்னர் கூட்டறிகுறியில் உயரம் குறைவாக இருக்கும். சூலகமும் பெரும்பாலும் செயலிழக்கும். இவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியைச் சிறு வயதிலேயே தொடங்குவது பயன்தரும். 11 அல்லது 12 வயதளவில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைந்த அளவில் தொடங்கப்படுகிறது.

மருந்து செல்லும் வழி

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கு வளர்ச்சிக் காரணி-1 உருவாவது குறைகிறது. தடுக்கும் காரணி குறைந்ததால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இதனால் இரத்தப் பரிசோதனையில் வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகவும், வளர்ச்சிக் காரணி குறைவாகவும் தெரியலாம். தோலில் ஒட்டும் பட்டையாக வழக்கமான அளவில் தரும்போது இவ்விளைவு மிகக் குறைவு. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள பெண் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உட்கொண்டால், அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கருத்தடை மாத்திரை உட்பட எந்த ஹார்மோன் மருந்தையும் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உயரத்தைக் கண்காணித்தல்

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளி மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 5 முதல் 18 வயது வரையிலானோருக்குத் திருத்திய வளர்ச்சி வரைபடத்தை 2015-இல் வெளியிட்டது. ஒரு முறை அளந்த உயரத்தைவிட, ஆண்டுக்கு எத்தனை செ.மீ. கூடியது என்பதே அதிகம் உணர்த்தும். பூப்புக்கு முந்தைய பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தாலோ, 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பகுதியினர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.