நஞ்சுடைய தேரையும் நன்றி மறந்த நாமும்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களின் தெருவிளக்கடியில் தேரைகள் வந்து அமர்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கண்டவுடன் கல்லெடுப்போரும் உளர். ‘நஞ்சைப் பீய்ச்சும்’, ‘தொட்டால் மரு உண்டாகும்’ என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றுள் மெய் எது, பொய் எது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிகக் கொடிய நஞ்சுடையதாகக் கருதப்படும் தவளை, கொலம்பியா நாட்டின் பசிபிக் கரையை ஒட்டிய தாழ்நில மழைக்காடுகளில் வாழ்கிறது. பொன்னிறமான அதன் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. 1978-இல் அறிவியலார் அதற்கு ‘ஃபில்லோபேட்டஸ் டெரிபிலிஸ்’ எனப் பெயரிட்டனர். அங்குள்ள எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புமுனையை அதன் முதுகில் தேய்த்து வேட்டையாடினர். அந்நஞ்சு, நரம்புகளில் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. அதனால் தசைகள் செயலிழந்து இதயம் நின்றுபோகிறது. வியப்பு யாதெனின், அந்நஞ்சு தவளையின் சொந்தச் சொத்தன்று. அது உண்ணும் சிற்றுயிர்களிடமிருந்து சேர்ந்தது. கூண்டில் பிறந்து வேறு இரை உண்டு வளரும் தவளைகளிடம் அந்நஞ்சு இருப்பதில்லை.

நம் தேரையோ தன் நஞ்சைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. கண்களுக்குப் பின்னே புடைத்திருக்கும் இரு சுரப்பிகள் அதன் முதன்மையான இருப்பிடம். பகை கவ்வி அழுத்தினால் பால் போன்ற நீர் கசியும். கவ்விய நாய் வாயில் நுரைதள்ள அதனை விட்டுவிடும். தானே தேடிவந்து நஞ்சைத் துப்புவது தேரையின் இயல்பன்று. மரு ஒருவகை வைரசால் வருவது. தேரையின் தோல் முண்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பருப்பில்லாத தேங்காயைத் ‘தேரை விழுந்த காய்’ என்பதும் வீண்பழியே.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தேரையின் நஞ்சு இதயத்துடிப்பைக் குலைக்க வல்லது, சமைத்தாலும் அழியாது. மருந்தென்றோ இறைச்சியென்றோ எண்ணித் தேரையை உண்பது உயிரையே பறிக்கலாம். உண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். தொட்டவர் கைகழுவினால் போதும். கண்ணில் பட்டால் நல்ல நீரால் நன்கு கழுவி மருத்துவரைக் காண்க.

இனி, பயனை நோக்குவோம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நம் வயல்களில் வண்டு, கறையான், அந்துப்பூச்சி முதலியவற்றை இரவெல்லாம் உண்பது தேரை. அதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. தவளைக்கால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி ஈட்டிய நம் நாடு, 1987-இல் அவ்வணிகத்தையே தடைசெய்தது. 2017-இல் தென்னிந்தியத் தவளையொன்றின் தோலில் கிடைத்த புரதத்துணுக்கு, இன்ஃபுளூயன்சா வைரசின் எச்1 வகையை அழிப்பதைத் திருவனந்தபுரம், அமெரிக்க அறிஞர்கள் ஆய்வகத்தில் கண்டனர். உருமி வாளின் பெயரால் அதற்கு ‘உருமின்’ எனப் பெயரிட்டனர்.

தவளையை மருந்தில் சேர்ப்பது குறித்து மருத்துவர் ஒருவர் வினவியபோது, அதனைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள் என்பது அபூதாவூது நூலில் பதிவாகியுள்ளது.

தேரை தன் முட்டைகளை மணிமாலை போன்ற நீண்ட இழைகளாகத் தேங்கிய நீரில் இடுகிறது. குட்டைகளைத் தூர்த்து, வயலில் அளவின்றி நஞ்சு தெளிக்கும் நாம், தேரையை நஞ்சுடையது எனப் பழிப்பது பொருந்துமா? அதன் நஞ்சு தற்காப்பிற்கு. நம் கையிலுள்ள கல் எதற்கு? மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக! அடுத்த மழையிரவில் அக்கல் கீழே விழுமாயின் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.