கரும்பலகையில் நம் ஊர்ச் செய்தி

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், பொன்மொழி என்ற வரிசையில் ‘இன்றைய செய்திகள்’ என்பதும் உண்டு. ஒரு மாணவர் நாளிதழைப் பார்த்து நான்கைந்து தலைப்புகளை எழுதிவந்து வாசிப்பார். தேவையான பயிற்சிதான், நாளிதழ் வாசிப்பை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாசிக்கும் மாணவருக்கே அதில் பாதி விளங்கியிருக்காது. அதே வரிசையில், காலைப் பேருந்து வராமல் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் வியர்வையோடு நிற்பார்கள். இரவு காட்டுப்பன்றி புகுந்த மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தவர் நிற்பார். நேற்றுவரை பக்கத்தில் நின்ற தோழி இன்று ஏன் வரவில்லை என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இவையும் செய்திகள்தாம். ஆனால் இவற்றை யாரும் வாசிப்பதில்லை.

நான் பணிபுரிவது வட மாவட்டம் ஒன்றின் மலையடிவாரத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சுற்றியுள்ள கொட்டாய்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் ஒரு செய்திப் பலகை நடக்கிறது. நடத்துபவர்கள் மாணவர்கள். குறுவள மையக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது பல ஆசிரியர்கள் விவரம் கேட்டார்கள். அதற்காகவே இந்தக் கட்டுரை.

செலவு ஒன்றும் இல்லை. பயன்பாட்டில் இல்லாத பழைய கரும்பலகை ஒன்றைத் தாழ்வாரத்தில் மாட்டினோம். வாரத்துக்கு இரண்டு செய்தியாளர்கள், ஒரு ஆசிரியர் (மாணவர்தான், இந்தப் பதவிக்குப் போட்டி அதிகம்). நாளொன்றுக்கு மூன்று செய்திகளுக்கு மேல் கிடையாது. ஒரு செய்தி நான்கு வரிக்குள் அடங்க வேண்டும். மாலையில் பலகையை அழிக்கும் முன் அன்றைய செய்திகளைத் தேதியோடு ஒரு நீள நோட்டில் அப்படியே எழுதிவைக்க வேண்டும். இந்த நோட்டை யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பலகையின் உயிரே அதில்தான் இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் மாதத்தில் வந்த செய்திகள் எல்லாம் கட்டுரை நோட்டின் நடையில் இருந்தன. “எங்கள் ஊருக்குப் பேருந்து வரவில்லை. மாணவர்கள் மிகவும் துன்பப்பட்டார்கள். பேருந்து மிகவும் அவசியம்” என்று ஒரு மாணவி எழுதினாள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளைப் பலகையின் ஓரத்தில் பெயின்டால் எழுதிவைத்திருந்தோம். அவற்றை அவளிடமே கேட்கச் சொன்னேன். எந்த ஊர்? எந்தப் பேருந்து? எத்தனை மணிக்கு வர வேண்டியது? எத்தனை பேர் நடந்தார்கள்? எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார்கள்? இடைவேளையில் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்து மாற்றி எழுதினாள்: “செவ்வாய் காலை 7.50 பேருந்து வரவில்லை. 11 பேர் நடந்து வந்தார்கள். 9.40-க்குப் பள்ளி சேர்ந்தார்கள். அதில் 4 பேர் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அவர்களுக்குக் காலை உணவு கிடைக்கவில்லை.”

‘மிகவும்’ என்ற சொல் இதில் இல்லை. துன்பம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் படித்த தலைமை ஆசிரியர் அன்றே சமையல் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, தாமதமாக வரும் சின்னப் பிள்ளைகளுக்கு உணவை எடுத்துவைக்கச் சொன்னார். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பேருந்து வராத நாளில் எந்தப் பிள்ளைக்குக் கை எட்டாமல் போகிறது என்பதை எங்களுக்குக் காட்டியது அந்த நான்கு வரி.

தமிழ் ஆசிரியருக்கும் இதில் ஆதாயம் உண்டு. முக்கியமானதை முதல் வரியில் சொல்வது, பிறகு அடுத்தது, கடைசியில் விட்டாலும் பரவாயில்லை என்பது: இதைத்தான் இதழியலில் தலைகீழ்ப் பிரமிடு என்கிறார்கள். தேர்வில் ‘மழைநீர் சேகரிப்பு’ பற்றிப் பத்து வரி எழுதத் தடுமாறும் மாணவன், தன் வீட்டுப் பசு கன்று ஈன்றதை நான்கு வரியில் பிழையில்லாமல் எழுதுகிறான். பிழை இருந்தால் பலகையின் முன் நிற்கிற கூட்டம் திருத்திவிடும். நம் சிவப்பு மையைவிட அதற்கு வேகம் அதிகம்.

நீ பார்த்தாயா?

செய்தியாளர்களுக்கு நான் வைத்த ஒரே கட்டாய விதி: ஒவ்வொரு செய்திக்கும் ‘நானே பார்த்தேன்’ அல்லது ‘இன்னார் சொன்னார்’ என்று ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பலகையில் ஏறாது. தவறு நேர்ந்தால் மறுநாள் முதல் செய்தியாகத் திருத்தம் வர வேண்டும்.

இந்த விதியின் அருமை மழைக்காலத்தில் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் எல்லோருடைய கைப்பேசியிலும் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரே கேள்விதான்: “நாளைக்கு லீவா டீச்சர்?” விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். ஆனால் அவருக்கு முன்பே வாட்ஸ்அப் அறிவித்துவிடும். ஒரு நவம்பர் மாதம் அப்படி ஒரு படம் பெற்றோர் குழுவில் வந்தது. முத்திரையும் கையெழுத்தும் எல்லாம் இருந்தன. ஏழாம் வகுப்புச் செய்தியாளர் ஒருவன் தன் அப்பாவின் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். தேதிக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தது, மறுநாளோ புதன். போன ஆண்டு அறிவிப்பை யாரோ மீண்டும் சுற்றவிட்டிருக்கிறார்கள். மறுநாள் பள்ளி நடந்தது. படத்தை நம்பி வராதவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கோடு அது பலகையின் முதல் செய்தியானது. ஊடகக் கல்வி என்று தனியாக ஒரு பாடவேளை வைத்து நான் நடத்தியிருந்தாலும் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

எழுதக்கூடாதவை

இந்தப் பகுதியை ஆசிரியர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயர் போடாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். எனவே மதிப்பெண், வீட்டுச் சண்டை, குடி, கடன், உடல்நிலை ஆகியவை பலகைக்கு வராது. யார் வரவில்லை என்று எழுதலாம். காரணம் அந்தக் குடும்பத்துக்குக் கூச்சம் தருவதாக இருந்தால் பலகையில் எழுதக்கூடாது. அதை நோட்டிலும் எழுதாமல் என்னிடம் வாயால் சொன்னால் போதும்.

தொடக்கத்தில் “ஊர்ப் பசங்க”, “காலனிப் பசங்க” என்று செய்தி வந்தது. பிள்ளைகள் வேண்டுமென்று எழுதியதில்லை. வீட்டில் கேட்டதை எழுதினார்கள். தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதை எழுது என்று சொல்லிவிட்டோம். சில தெருக்களுக்குப் பெயர் இல்லை என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கே உறைத்தது. வேப்பமரத் தெரு, தொட்டித் தெரு என்று அவர்களே அடையாளம் சொல்லி எழுதத் தொடங்கினார்கள். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “நம்ம பலகையில ஏற்கெனவே இல்லையே டீச்சர்” என்றாள்.

இன்னொரு வகைச் செய்தியும் வரும். “பக்கத்து வீட்டு அக்காவுக்கு நிச்சயம் பண்ணப் போறாங்க. அவங்க ஒன்பதாவது.” இதைக் கொண்டுவந்த பிள்ளையைப் பாராட்டுங்கள்; பலகையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பெண்ணுக்கு 18 வயது நிறையாத திருமணத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, நம் துறையின் 14417 இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் சொல்லி உடனே அழைக்க வேண்டும். செய்தி கொடுத்த பிள்ளையின் பெயர் எங்கேயும் வரக்கூடாது.

நோட்டு சொன்னது

வருகைப் பதிவேட்டிலும் எமிஸ் செயலியிலும் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் ஒரு குறிதான். ஏன் என்பதற்கு அங்கே இடமில்லை. எங்கள் நீள நோட்டு ஓர் ஆண்டு நிறைந்ததும், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, மாதவாரியாக எண்ணச் சொன்னேன். கணக்குப் பாடவேளையில் பட்டை வரைபடம் போட்டார்கள். பேருந்து வராத நாட்கள் ஒரு படம். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் வராதவர்கள் ஒரு படம். மூன்றாவது படத்தில் தை மாதத்தில் மட்டும் ஒரு கம்பம் உயர்ந்து நின்றது. பொங்கல் முடிந்து பத்து நாட்களுக்குள் ஒரே கொட்டாயிலிருந்து ஒன்பது பிள்ளைகள்: “அப்பா அம்மாவுடன் சூளைக்குப் போய்விட்டாள்”, “சூளைக்குப் போய்விட்டான்.”

செங்கல் சூளை வேலை தையில் தொடங்கி மழை வரும்வரை நடக்கும். குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் போகும். இது எங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனால் தனித்தனியாக ஒவ்வொரு வீட்டின் விஷயமாகத் தெரிந்ததும், ஒன்பது பெயர் ஒரே படத்தில் நிற்பதும் வேறு வேறு.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர், பாதிரியார் லொரென்சோ மிலானியின் பள்ளியில் படித்தவர்கள், பள்ளியிலிருந்து யார் யார் வெளியேற்றப்பட்டார்கள், அவர்கள் எந்த வேலை செய்பவர்களின் பிள்ளைகள் என்று புள்ளிவிவரம் சேர்த்து 1967-இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று தமிழில் வந்திருக்கிறது. நம்மில் பலர் படித்திருப்போம். அந்தப் பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம்.

அடுத்த ஆண்டு டிசம்பரில், முன்பணம் கைமாறும் முன்பே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே அந்தப் படங்களை விளக்கினார்கள். கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வைத்திருப்பதன் பொருள் அன்று விளங்கியது. ஆசிரியர்களாகிய நாங்கள் பேசியது குறைவு. ஒரு தாய், “எம் பேரு எழுதலன்னாலும் அது நாங்கதான்” என்றார். யாரும் அவரைக் குறைசொல்லவில்லை. எந்தப் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விடலாம், யாருக்கு அரசு விடுதியில் இடம் கேட்கலாம், யார் போய்த்தான் ஆக வேண்டும் என்று வீடு வீடாகப் பேசி முடிவானது. போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழை உடனே கொடுத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தலைமை ஆசிரியர் அதைத் தாமதிக்கக் கூடாது. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கவும் கூடாது. சூளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளி எது என்று வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் விசாரித்துத் தந்தார்.

அந்தத் தையில் ஒன்பதில் ஐந்து பேர் ஊரில் தங்கினார்கள். நான்கு பேர் போனார்கள். பேருந்துக் கணக்கை குடியரசு நாள் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு அனுப்பினோம். பேருந்து முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் சில செவ்வாய்க்கிழமைகளில் நடைதான். சூளை விஷயத்தில் முன்பணம் இருக்கும்வரை ஒரு பள்ளியால் முழுமையாக முடியக்கூடியது அல்ல இது. கூடப் பணிபுரியும் ஆசிரியர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

போன நால்வரில் ஒருத்தி ஆறாம் வகுப்பு. அந்த வாரத்துச் செய்தியாளராக இருந்தவள். வாரம் முடியும் முன்பே கிளம்பிவிட்டாள். மாசி மாதத்தில் ஒருநாள் இரவு அவள் அம்மாவின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மறுநாள் காலை வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஆசிரியர் பொறுப்பில் இருந்த மாணவன், அவளே பார்த்ததுதான் என்று உறுதிசெய்துகொண்டு, சொல் மாற்றாமல் பலகையில் ஏற்றினான்: “இங்கே நேற்று ராத்திரி மழை பெய்தது. அறுத்து வைத்த பச்சைக் கல் எல்லாம் கரைந்துவிட்டது. இன்று வேலை இல்லை. அதனால் என்னை அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே செய்திப் பலகை இல்லை.”