மழைக்கு முன் முகட்டைப் பாருங்கள்

புரட்டாதி கடைசியில் ஒரு மழை பெய்துவிட்டு ஓயும். ஐப்பசியும் கார்த்திகையும் இன்னும் கிடக்கின்றன என்று அது சொல்லிவிட்டுப் போகும். அன்றிரவு சட்டி, பானை, வாளி என்று ஒழுக்குக்கு ஏந்தி வைத்து, பிள்ளைகளின் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிவிட்டு, விடியும்வரை குந்தியிருந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! விடிந்ததும் வெயில் எறிக்கும். "தம்பி வந்தால் ஏறிப் பார்க்கச் சொல்லுவம்" என்று விட்டுவிடுவோம். தம்பிக்கு வேலை. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

கூரை வேலை ஆண்களின் வேலை என்பது எமது ஊர்களின் வழக்கம். வீட்டில் ஆண் துணை இருந்த காலத்து வழக்கம் அது. போரில் கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடி அலைபவர்களும் யாருக்காகக் காத்திருப்பது? எல்லோராலும் ஏணியில் ஏற இயலாதுதான். ஆனால் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு ஏற வேண்டியதில்லை. நல்ல வெயில் நேரத்தில் கதவு, யன்னல்களைப் பூட்டிவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டைகள் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரியும். கரித்துண்டினால் சுவரில் அடையாளம் இடுங்கள். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது மரத்தின் வழியே ஓடிவந்து தள்ளியும் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டுப் பக்கமாகத் தேட வேண்டும்.

வன்னியில் பலருடைய தகரங்கள் 2008, 2009 இடப்பெயர்வுகளின்போது கழற்றி, உழவு இயந்திரத்தில் ஏற்றி, போன இடமெல்லாம் மீண்டும் அடிக்கப்பட்டவை. ஒவ்வொரு இடத்திலும் புதிய ஆணி, புதிய ஓட்டை. போதாததற்குச் செல் துண்டு துளைத்தவையும் உண்டு. இப்படியான தகரத்தைத் திரும்பப் போடும்போது பழைய ஓட்டைகளைத் துருப்போகச் சுரண்டி, சீலைத்துண்டைத் தாரில் தோய்த்து ஒட்டி, மேலேயும் தார் பூசிவிடலாம். கையளவு ஓட்டையென்றால் தார் நிற்காது. மேல் தகரத்தின் அடியில் செருகி ஒரு துண்டுத் தகரம் வைக்க வேண்டும்.

ஆணியைத் தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடிவரும் தண்ணீரெல்லாம் அந்த ஓட்டையைத் தேடி வரும். ஆணித் தலையின் கீழ் பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போடுங்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் அரை அடியாவது ஏறியிருக்கட்டும்.

ஓட்டையைவிட நான் பயப்படுவது மரத்துக்குத்தான். சிறு ஒழுக்கென்று இரண்டு மாரி விட்டால் சிலாகை உக்கிவிடும். ஒரு ஆணிச் செலவோடு போக வேண்டியது கூரையையே பிரிக்கும் செலவாகிவிடும். கைமரம் சுவரில் இருக்கும் இடத்தைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். கத்தி இலகுவாக இறங்கினால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். சுவர் வழியே கறையான் புற்று மண் கோடாக ஏறியிருந்தால் தட்டிவிடுவதோடு நிற்காமல் அது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முதிர்ந்த பனையின் வைரம் நல்லது. ஆனால் சொந்த வளவுப் பனையென்றாலும் தறிப்பதற்கு முன் அனுமதி தேவை. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஓட்டு வீட்டில் பெரும்பாலும் விலகிய ஓட்டையும் முகட்டோட்டுச் சாந்தின் வெடிப்பையும் பார்த்தால் போதும். வேப்பஞ் சருகு அடைத்த பீலியையும் மறக்க வேண்டாம். வீட்டோடு ஒட்டிப் பத்தி இறக்கியவர்கள், கூரை சுவரைத் தொடும் இடத்தை முதலில் பாருங்கள். ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

கிடுகு, பனையோலை வீடுகளுக்கு மாரி தொடங்கியபின் வேய நினைப்பது பிந்திய கதை. கோடையிலேயே பின்னிக் காயவைத்துவிட வேண்டும். நெருக்கமாக வேய்ந்தால் ஓலை கூடச் செலவாகும், காலமும் கூட நிற்கும். அடுப்புப் புகை படும் குசினிக் கூரையில் பூச்சி குறைவு என்பது எமது அம்மாமாருக்குத் தெரிந்த விடயம்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றில் மிகுந்த அவதானம் தேவை. அதன்மேல் நேரே கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவோம். உலர்ந்தபடி அரியவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களின் பின்னரும் புற்றுநோய் வரலாம். உடைந்த சீற்றை நனைத்து, மேலும் உடைக்காமல் அகற்றுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் விடுங்கள்.

1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைப் பற்றி அங்குள்ள முதியவர்களைக் கேட்டால் கூரைகள் பறந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். கைமரங்களைச் சுவரின் மேலுள்ள மரத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கல்லும் பழைய ரயரும் ஏற்றுவது கட்டியதற்கு ஈடாகாது. பெருங்காற்றில் கல் எமது தலையிலேயே விழலாம்.

இனி வேலையாள். தனித்த பெண் என்று கண்டால் "முழுக்கப் பிரிக்க வேணும் அக்கா" என்பவர்கள் இருக்கிறார்கள். அடையாளமிட்ட இடங்களை நீங்களே காட்டி, எத்தனை தகரம், எத்தனை சிலாகை என்று எண்ணிச் சொல்லுங்கள். சாமான்களை நீங்களே வாங்குங்கள். கூலியைப் பாதி கொடுத்து, மீதியை ஒரு மழை பார்த்தபின் தருவதாக முதலே பேசிக்கொள்ளுங்கள். அயலில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே ஆளைப் பிடித்தால் கூலியும் குறையும், துணையும் இருக்கும். கையில் காசில்லாதவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் வசதி உண்டா என்று ஆவணிக்கு முன்னரே கேட்டு வையுங்கள். மழை தொடங்கியபின் எல்லோரும் கேட்பார்கள்.