டீசல் ஜீப்பும் ஊசிமுனைக் காயமும்

ஓய்வு நாட்களில் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். துருவைத் தேய்ப்பதற்கும் கியர் பெட்டியைக் கழற்றுவதற்கும் பொறுமை போதும். இன்ஜெக்டர் வேலைக்கோ எச்சரிக்கையும் வேண்டும். அதிலிருந்து டீசல், வளிமண்டல அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் பீறிடும், தோலையும் துளைத்துவிடும்.

வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே. தொடக்கத்தில் வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளே புகுந்த டீசலோ திசுக்களை அழிக்கும். காலம் தாழ்த்தினால் விரலையே அகற்ற நேரிடலாம். ஆகவே, கட்டுப்போட்டுக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, டீசல் பாய்ந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடுகையில் குழாய்க் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள்; அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பட்டறையில் உழைக்கும் உங்கள் வீட்டாருக்கும் இதை எடுத்துரையுங்கள்.