பி.காம். கேட்டால் இடமில்லை

"என் பொண்ணு 340 எடுத்திருக்கா மேடம். அவளுக்கே இல்லைன்னா யாருக்குக் குடுக்குறீங்க?" எங்கள் அரசு கலைக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்தால் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

கோபம் நியாயம்தான். ஆனால் பட்டியலில் தில்லுமுல்லு இல்லை. மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை. 100 இடமென்றால் முதல் 31 எல்லோருக்கும் பொது. அது முற்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கியது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! நல்ல மதிப்பெண் எடுத்த பட்டியலின மாணவி அந்த 31-க்குள் வந்துவிடுவாள். அவள் பிரிவுக்கான இடம் அப்படியே இன்னொருத்திக்கு இருக்கும். மீதி 69-இல் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அருந்ததியருக்கான 3 உட்பட), எஸ்.டி. 1.

பங்கீடு சரி, பங்கிட இருப்பதுதான் போதவில்லை. அதுவும் எல்லாத் துறையிலும் இல்லை. பி.காம்.முக்கு அடிதடி, கணிதத்தில் பெஞ்சு காலி. பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவளைக் கணிதத்தில் உட்காரவைக்கவும் முடியாது. சுயநிதிக் கல்லூரியில் பி.காம். கிடைக்கும், பணம் வேண்டும். வெளியூர் அரசுக் கல்லூரி என்றால் விடுதி வேண்டும். மகளிர் இலவசப் பேருந்து எதுவரை போகிறதோ, அதுவரைதான் பல பெண்களுக்குக் கல்லூரி.

சில ஆண்டுகளாக அரசுக் கல்லூரிகளில் 20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி தருகிறார்கள். 60 பேர் வகுப்பு 72 ஆகிறது. ஆசிரியர் அதே ஆள்தான். பல இடங்களில் அவரும் கௌரவ விரிவுரையாளர். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இருக்கிற வகுப்பில் நாற்காலியை நெருக்கிப் போட்டே இதற்குமேல் போக முடியாது. கூட்டம் முட்டும் பாடத்துக்கு இரண்டாம் ஷிப்டும் நிரந்தரப் பணியிடமும் வேண்டும்.

அதுவரை பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். ஒரே கல்லூரி, ஒரே பாடம் என்று விண்ணப்பிக்காதீர்கள். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முக்கியமாக, விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரர் செல்போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். கலந்தாய்வுத் தகவல் அந்த எண்ணுக்குத்தான் போகும்.