டூர் டி பிரான்ஸ்: மலையில் எங்கே நின்றால் பந்தயம் தெரியும்?

2024 ஆகஸ்ட் 18. பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் மலை. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். நெதர்லாந்தின் டெமி வோலரிங் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஆனால், கோப்பை அவருக்கா என்பது அந்த நொடியில் யாருக்கும் தெரியாது.

காரணம், ஒரு சின்னக் கணக்கு. அன்று காலை போலந்தின் காசியா நிவியாடோமா, வோலரிங்கைவிட 1 நிமிடம் 15 விநாடி முன்னிலையில் இருந்தார். அன்றைய கட்டத்தை வென்றதற்காக வோலரிங்குக்கு 10 விநாடி போனஸ். மீதி 1 நிமிடம் 5 விநாடி. அதற்குள் நிவியாடோமா வந்துவிட்டால் கோப்பை அவருக்கு. அவர் வந்து சேர்ந்தது 1 நிமிடம் 1 விநாடியில். எட்டுக் கட்டங்கள் ஓடிய பந்தயம், வெறும் 4 விநாடியில் முடிவானது.

உச்சியில் நின்றவர்கள் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பைப் பார்த்தார்கள். கீழே வளைவுகளில் நின்றவர்கள் முடிவைப் பார்க்கவில்லை. ஆனால், முன்னால் போகிறவருக்கும் துரத்துகிறவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்ணெதிரே பார்த்தார்கள். ஒரே பந்தயம்தான், நின்ற இடம்தான் வேறு.

கிரிக்கெட் என்றால் டிக்கெட் விலையே உங்கள் இடத்தை முடிவு செய்துவிடும். இங்கே அப்படி இல்லை. சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணமே கிடையாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மலைச்சாலை முழுக்க கேலரிதான். ஆனால், நிற்கப்போவது ஒரே ஒரு இடத்தில். அதை எப்படித் தேர்வு செய்வது?

முதலில், ஏன் மலை?

சமவெளியில் வீரர்கள் கூட்டமாக ஓட்டுவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால் யாரும் கூட்டத்தைவிட்டு விலக விரும்புவதில்லை. மணிக்கு 45, 50 கி.மீ வேகத்தில் மொத்தக் கூட்டமும் ‘விர்ர்’ என்று கடந்துவிடும். நாலு மணி நேரம் காத்திருந்தவருக்குக் கிடைப்பது கால் நிமிடக் காட்சி. அவ்வளவுதான்.

மலையில் கதையே வேறு. ஆல்ப் டுவெஸ் ஏற்றம் 13.8 கி.மீ நீளம். சராசரிச் சரிவு 8.1 சதவீதம். அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 8 மீட்டர் உயரம் ஏற வேண்டும். உலகின் மிகச் சிறந்த வீரர்களுக்கே இங்கே வேகம் மணிக்கு 20 கி.மீ அளவுக்கு இறங்கிவிடும். வேகம் குறைந்தால் காற்றுத் தடையும் குறையும், அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிவதில் லாபமும் குறையும். இனி எதிரி காற்று இல்லை, புவியீர்ப்பு. கூட்டம் சிதறும். ஒவ்வொருவராக, இரண்டு மூன்று பேராக மேலே வருவார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் உங்களுக்குக் காட்சிதான். முகம் தெரியும், மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கும்.

உச்சியா, நடுவா, அடிவாரமா?

ஆல்ப் டுவெஸ்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1952-ல் முதல்முறை டூர் இங்கே முடிந்தது. வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. மலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் தலைகீழாகப் போகும். அடிவாரத்தில் 21, உச்சிக்கு அருகே 1. ஒவ்வொரு வளைவிலும் இங்கே வென்றவர்களின் பெயர்ப் பலகை இருக்கும்.

முடிவுக்கோடு: பெரிய திரை, அறிவிப்பாளர், பரிசளிப்பு என எல்லாம் இங்கேதான். முடிவு உடனே தெரியும். ஆனால், கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பிகள். முன்வரிசை வேண்டுமென்றால் காலையிலேயே போய் நிற்க வேண்டும். அங்கேயும் வீரர்கள் கண்முன் கடப்பது சில விநாடிகள்தான். அதற்கு முந்தைய சண்டையைத் திரையில்தான் பார்க்க முடியும்.

7-வது வளைவு: இதன் பெயரே ‘டச்சு கார்னர்’. 1976 முதல் 1989 வரை நெதர்லாந்து வீரர்கள் இந்த மலையில் 8 முறை வென்றார்கள். அன்றிலிருந்து இந்த வளைவு அவர்களுடைய ரசிகர்களின் கோட்டை. எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு நிறம், பாட்டு, ஆட்டம். திருவிழாக் கூட்டம் பிடிக்கும் என்றால் இதுதான் இடம். பந்தயத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும் என்றால் சரிப்படாது. கூட்டத்தில் வீரரின் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும்.

அடிவாரம்: பூர்க் துவாசான் ஊரைத் தாண்டியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் சரிவு சுமார் 10 சதவீதம். கூட்டம் உடைய ஆரம்பிப்பது பெரும்பாலும் இங்கேதான். நடை குறைவு, திரும்பிப் போவதும் சுலபம். ஆனால், யார் ஜெயிப்பார் என்பதற்கு இங்கே துப்பு மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு வளைவுகளுக்கு நடுவே, மேட்டில்: அதிகம் பேசப்படாத, ஆனால் பலன் தரும் இடம் இது. கீழே உள்ள சாலையும் தெரிகிற மாதிரி ஒரு மேடு கிடைத்தால், ஒரே வீரரை இரண்டு மூன்று முறை பார்க்கலாம். கீழ்ச்சாலையில் வரும்போது ஒருமுறை, வளைவில் திரும்பும்போது ஒருமுறை, உங்களைக் கடக்கும்போது ஒருமுறை. மொபைலில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டால் முதல் ஆளுக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 2024 மாதிரியான நாளில் அந்த எண்தான் பந்தயமே.

வரைபடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பந்தயப் பாதை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, அது அன்றைய கடைசி மலையா? முதல் மலையில் பெரிய வீரர்கள் சக்தியைச் சேமிப்பார்கள். உண்மையான மோதல் பெரும்பாலும் கடைசி ஏற்றத்தில்தான். இரண்டு, ஒரே சாலையில் இரண்டு முறை வருகிறார்களா? 2013-ல் நடந்த 100-வது டூரில், ஒரே நாளில் ஆல்ப் டுவெஸ்ஸை இரண்டு முறை ஏறினார்கள். அப்படிப்பட்ட நாள் கிடைத்தால் விடவே கூடாது. மூன்று, நிழலும் காற்றும். தெற்கு பிரான்ஸில் உள்ள மோன் வென்டூ மலையின் கடைசி 6 கி.மீ வெறும் வெள்ளைக் கல். மரமே கிடையாது. வெயில் அடித்தால் சுடும், காற்று அடித்தால் ஆளையே தள்ளும்.

அந்த நாள் எப்படிப் போகும்?

பந்தய நாளில் சாலை பல மணி நேரம் முன்பே மூடப்படும். பிரபலமான மலைகளில் அதற்கு முன்பே கார் ஏற விடமாட்டார்கள். கேம்பர் வேன்காரர்கள் சில நாள் முன்பே போய் இடம் பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நடை அல்லது சைக்கிள்தான். அதனால் ‘எவ்வளவு தூரம் நடக்க முடியும்?’ என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும்.

வீரர்கள் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். தொப்பி, சாவிக்கொத்து, தின்பண்டம் என வீசிக்கொண்டே போவார்கள். பெரியவர்களும் குழந்தைகளாக மாறும் நேரம் அது. டூர் அமைப்பாளர்களின் கால அட்டவணையில், ஒவ்வொரு இடத்தையும் வீரர்கள் எப்போது கடப்பார்கள் என்று மூன்று வெவ்வேறு சராசரி வேகங்களுக்கு நேரம் கொடுத்திருப்பார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மலையில் நெட்வொர்க்கை நம்ப முடியாது. தண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு மூன்றும் கட்டாயம். ஜூலை மாதம் என்றாலும் மலையில் மாலை குளிரும்.

நிற்கும் இடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

ரசிகருக்கும் வீரருக்கும் நடுவே தடுப்பு இல்லை என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. ஆபத்தும் அதுதான்.

1999-ல் இதே ஆல்ப் டுவெஸ்ஸில், முடிவுக்கோட்டுக்கு அருகே போட்டோ எடுக்கச் சாலைக்கு வந்த ரசிகர் மீது மோதி இத்தாலியின் ஜூசெப்பே குவெரினி கீழே விழுந்தார். எழுந்து ஓட்டி அவர் ஜெயித்துவிட்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. 2018-ல் அதே மலையில், கூட்டம் நெருக்கிய இடத்தில் விழுந்த வின்சென்சோ நிபாலிக்கு முதுகெலும்பில் முறிவு. 2014-ல் டூரை வென்றவர், அந்த ஆண்டுப் பந்தயத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று.

2016-ல் மோன் வென்டூவில் பலத்த காற்றால் முடிவுக்கோட்டை 6 கி.மீ கீழே இறக்கினார்கள். மலை முழுக்கப் பரவ வேண்டிய கூட்டம் சுருங்கிய சாலையில் குவிந்தது. வழியில்லாமல் மோட்டார் சைக்கிள் நின்றுவிட, பின்னால் வந்த வீரர்கள் அதில் மோதினார்கள். சைக்கிள் உடைந்த கிறிஸ் ஃப்ரூம், மஞ்சள் ஜெர்சியோடு மலையில் கால்நடையாக ஓடிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது.

அதனால் சில விதிகள்: வீரர்களோடு சேர்ந்து ஓட வேண்டாம். வண்ணப்புகை குச்சிகள் வேண்டாம், மூச்சுக்குத் தவிக்கிறவர் முகத்தில்தான் அந்தப் புகை போகும். செல்ஃபிக்காகச் சாலைக்கு முதுகு காட்ட வேண்டாம். பை, கேமரா வார் எதுவும் சாலைப்பக்கம் தொங்கக் கூடாது. இறக்கத்தில் நிற்பதாக இருந்தால் வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. மணிக்கு 80 கி.மீ வேகத்தில் கட்டுப்பாடு இழந்தவர் வந்து விழுவது அங்கேதான்.

சரி, எதைத் தேர்வு செய்வது?

முதல் முறை போகிறவர்களுக்கு, கடைசி ஏற்றத்தின் மேல்பாதியில், கூட்டம் மொய்க்கும் வளைவிலிருந்து சற்றுத் தள்ளி, கீழ்ச்சாலை தெரியும் ஒரு மேடு நல்ல தேர்வு. முடிவு வேண்டும் என்றால் உச்சி. கொண்டாட்டம் வேண்டும் என்றால் டச்சு கார்னர். குழந்தைகளோடு போனால் அடிவாரம்.

எங்கே நின்றாலும், முன்னணி வீரர்கள் போனதும் கிளம்பிவிட வேண்டாம். எப்படியும் சாலை திறக்காது. கொஞ்ச நேரத்தில் பெரிய கூட்டமாக ஒரு குழு வரும். ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவர்கள், சமவெளியில் வேகமாக ஓட்டும் கனத்த உடம்புக்காரர்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் மறுநாள் பந்தயத்தில் இடம் கிடையாது. கைதட்டல் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.